கிட்ல ஃபைலை அழிச்சா எது போகும், எது போகாது

காவேரிப்பட்டணம் பக்கத்துல எங்க சித்தப்பா மாங்கா மண்டி வச்சிருக்காரு, அவரு பையன் பர்கூர்ல காலேஜ் படிக்கிறான், லீவுல வந்து மண்டிக்கு பில் போடுற சின்ன புரோகிராம் ஒண்ணு எழுதிட்டு இருக்கான். போன சீசன்ல ஒரு நாள் ராத்திரி எட்டரை மணிக்கு லேப்டாப்ப தூக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டான். "அக்கா, ஃபைலை டெலீட் பண்ணிட்டேன், கமிட்டும் பண்ணிட்டேன், ஆனா புஷ் பண்ணா இன்னும் அந்த ஃபைல் பெருசா இருக்குன்னு திட்டுதுக்கா. இல்லாத ஃபைல் எப்படிக்கா பெருசா இருக்கும்?"

கேள்வி ரொம்ப சரியான கேள்வி. கிட்ங்குறது நாம எழுதுற கோடுல எப்ப என்ன மாறுச்சுன்னு பதிவு பண்ணி வைக்கிற சாஃப்ட்வேர், கமிட்னா அந்தப் பதிவுல ஒண்ணு, புஷ்னா அந்தப் பதிவை கிட்ஹப் மாதிரி நெட்ல இருக்குற எடத்துக்கு அனுப்புறது. கிட் புதுசா கத்துக்கிற எல்லாரும் ஒரு நாள் இங்க வந்து நிப்பாங்க, ஆனா பதிலா கிடைக்கிறது "இந்த கமாண்டை போடு"ங்குறது மட்டும்தான், ஏன்னு யாரும் சொல்றதில்ல. அதனால அன்னிக்கி அவன்கிட்ட உக்காந்து சொன்னதை இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன். கமாண்டு எல்லாம் காதுல கேக்குற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல, அதாவது கமாண்டு அடிக்கிற ஜன்னல்ல, நீங்க இங்கிலீஷ் எழுத்துல, எல்லாம் சின்ன எழுத்துலயே அடிச்சுக்கோங்க. ஆர்எம்னு நான் எழுதினா அது ரிமூவ்ங்குற வார்த்தையோட சுருக்கம், ரெண்டே எழுத்து.

முதல்ல மண்டியையே எடுத்துக்கோங்க. லாரி வந்து நின்னதும் பெங்களூரா மாங்கா கிரேட் கிரேட்டா, அதாவது பெட்டி பெட்டியா, முத்தத்துல இறங்கும். அது கண்ணு முன்னாடி இருக்குற சரக்கு. கணக்கப்பிள்ளை கையில ஒரு துண்டுச்சீட்டு இருக்கும், இன்னிக்கி எது வந்துச்சு எது போச்சுன்னு அதுல குறிச்சுக்குவாரு. ராத்திரி கடை சாத்துறதுக்கு முன்னாடி அந்த சீட்டைப் பாத்து பேரேட்டுல எழுதுவாரு. பேரேட்டுல ஒரு தடவை எழுதினா அந்தப் பக்கத்தை கிழிக்க மாட்டாங்க, தப்பா இருந்தா அடுத்த நாள் தேதி போட்டு "இது கழிவு"ன்னு இன்னொரு வரிதான் எழுதுவாங்க.

கிட்லயும் அதே மூணு இடம்தான். உங்க ஃபோல்டர்ல கண்ணுக்குத் தெரியுற ஃபைல் எல்லாம் முத்தத்துல இருக்குற சரக்கு. ஸ்டேஜிங்னு சொல்றாங்களே, இன்டெக்ஸ்னும் சொல்வாங்க, அது அந்த துண்டுச்சீட்டு, அடுத்த கமிட்ல என்ன இருக்கணும்ங்குற குறிப்பு. கமிட் எல்லாம் சேந்தது பேரேடு. ஒரு ஃபைலை அழிக்கிறேன்னு சொன்னா இந்த மூணுல எங்கிருந்து அழிக்கிறேன்னு முதல்ல உங்களுக்கே தெளிவா தெரியணும், கமாண்டு அதுக்கப்புறம்தான். இது ஒண்ணு மனசுல நின்னுட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும், நான் நெசமாவே அப்படித்தான் நம்புறேன்.

சரி, சாதாரண விஷயத்துல இருந்து ஆரம்பிப்போம். பழசு.டெக்ஸ்ட்னு ஒரு ஃபைல் வேண்டாம்னு வச்சுக்கோங்க. மவுஸ்ல ரைட் கிளிக் பண்ணி டெலீட் குடுக்குறீங்க, இல்ல டெர்மினல்ல வெறும் ஆர்எம் போடுறீங்க. முத்தத்துல இருந்து கிரேட் போயிடுச்சு. ஆனா கணக்கப்பிள்ளை சீட்டுல குறிக்கவே இல்லையே. அதான் கிட் ஸ்டேட்டஸ் போட்டு பாத்தா டெலீட்டடுன்னு ஃபைல் பேரோட சிவப்பு எழுத்துல காட்டும், "மாத்தம் இருக்கு, ஆனா இன்னும் ஸ்டேஜ் ஆகல"ன்னு அர்த்தம். இந்த நிலையில கமிட் பண்ணா அந்த அழிப்பு கமிட்ல சேராது. நிறைய பேரு இங்கதான் குழம்புறாங்க, அழிச்சிட்டேனேன்னு கிட்ஹப்ல போய்ப் பாத்தா ஃபைல் அப்படியே உக்காந்திருக்கும்.

அதுக்குத்தான் இந்த கமாண்டு:

கிட் ஆர்எம் பழசு.டெக்ஸ்ட்

இது முத்தத்துல இருந்தும் எடுத்துடும், சீட்டுலயும் குறிச்சுடும், ரெண்டு வேலையும் ஒரே அடியில. போட்டதும் ஆர்எம்னு ஃபைல் பேரோட ஒரு வரி திருப்பிச் சொல்லும், அவ்ளோதான். இப்ப ஸ்டேட்டஸ் பாத்தா அதே டெலீட்டடு பச்சை எழுத்துல வரும். அப்புறம் வழக்கம்போல கிட் கமிட், கிட் புஷ். கமிட் மெசேஜ்ல ஏன் அழிச்சீங்கன்னு ஒரு வரி எழுதிடுங்க, "டெலீட்டடு ஃபைல்"னு மட்டும் எழுதாதீங்க, ஆறு மாசம் கழிச்சு பாக்குறவங்களுக்கு, அது நீங்களாவே இருந்தாலும், அந்த ஒரு வரி பெரிய உதவி.

ஏற்கனவே மவுஸ்ல அழிச்சிட்டீங்களா, பரவால்ல, அதுக்கப்புறமும் அதே கிட் ஆர்எம் பழசு.டெக்ஸ்ட் போடலாம், ஃபைல் ஃபோல்டர்ல இல்லன்னாலும் கிட் சண்டை போடாது, சீட்டுல மட்டும் குறிச்சுக்கும். பத்து இருபது ஃபைலை அப்படி கையால அழிச்சிருந்தா ஒண்ணொண்ணா பேரு அடிக்க வேண்டாம், கிட் ஆட் -யூ போட்டா போதும், கிட்டுக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஃபைல்கள்ல மாறினது, காணாம போனது எல்லாத்தையும் அது சேத்துக்கும்.

சில சமயம் கிட் ஆர்எம் போட்டா முடியாதுன்னு எரர் வரும், இந்த ஃபைல்ல லோக்கல் மாடிஃபிகேஷன் இருக்குன்னு சொல்லும். அதாவது கடைசி கமிட்டுக்கு அப்புறம் நீங்க அதுல ஏதோ எழுதியிருக்கீங்க, அது எங்கயும் பதிவாகல, அழிச்சா திரும்ப வராது, யோசிச்சுக்கோன்னு சொல்லுது. -எஃப் போட்டா கட்டாயப்படுத்தி அழிக்கலாம்னும் அங்கயே எழுதியிருக்கும், அதைப் பாத்ததும் கை தானா -எஃப் அடிக்கப் போகும். தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் நில்லுங்க. கமிட் ஆன எதையும் கிட்ல திரும்ப எடுத்துடலாம், கமிட் ஆகாததுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. கிட் டிஃப் போட்டு என்ன மாத்தியிருக்கோம்னு பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஃபோல்டரையே தூக்கணும்னா நடுவுல -ஆர் சேக்கணும், கிட் ஆர்எம் -ஆர் பழைய_பில் அப்படின்னு. இதுக்கு முன்னாடி -என் சேத்து ஒரு தடவை போட்டுப் பாருங்க, கிட் ஆர்எம் -ஆர் -என் பழைய_பில், எது எது போகும்னு லிஸ்ட் மட்டும் காட்டும், ஒண்ணையும் தொடாது. நான் இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் இதைப் போடாம ஃபோல்டரை அழிக்கிறதில்ல. அதே மாதிரி எல்லா லாக் ஃபைலும் போகணும்னு நட்சத்திரக் குறி போட்டா அதை சிங்கிள் கோட்டுக்குள்ள போடுங்க, '*.லாக்' அப்படி. கோட் இல்லாம போட்டா ஷெல்லு, அதாவது டெர்மினல்ல நாம அடிக்கிறதை வாங்கி நடத்துற புரோகிராம், அதை முன்னாடியே விரிச்சுடும், நீங்க நிக்குற ஃபோல்டர்ல இருக்குறது மட்டும்தான் சிக்கும், கோட் போட்டா கிட்டே பாத்து உள் ஃபோல்டர்ல இருக்குற லாக் ஃபைலையும் சேத்து எடுக்கும். அப்ப இன்னும் நிறைய போகும்ங்குறதால அங்கயும் முதல்ல -என்.

இதுவரைக்கும் கிட்டுக்கே தெரியாத ஃபைலை, அதாவது ஒரு தடவை கூட ஆட் பண்ணாததை, கிட் ஆர்எம் போட்டா பாத்ஸ்பெக் மேட்ச் ஆகலன்னு, அதாவது அந்தப் பேர்ல எதுவும் எனக்குத் தெரியாதுன்னு, சொல்லிடும். சீட்டுலயே இல்லாத சரக்கை எப்படி கழிக்கிறது. அதை சாதாரணமா அழிச்சுடுங்க. இல்ல மொத்தமா கூட்டித் தள்ளணும்னா கிட் கிளீன் -என் போட்டு பாத்துட்டு அப்புறம் கிட் கிளீன் -எஃப். இதுக்கு ரீசைக்கிள் பின் எதுவும் கிடையாது, போனா போனதுதான்.

அடுத்தது எல்லாருக்கும் வர்ற தேவை. ஃபைல் என் கம்ப்யூட்டர்ல இருக்கணும், ஆனா ரெப்போல, அதாவது கிட் பதிவு பண்ணி வைக்கிற தொகுப்புல, இருக்கக் கூடாது. செட்டிங்ஸ் ஃபைல், டேட்டாபேஸ் பேக்கப், எடிட்டர் தானா உருவாக்குற ஃபோல்டர், இந்த மாதிரி. எதை எல்லாம் கண்டுக்க வேண்டாம்னு கிட்டுக்கு சொல்ற கிட்இக்னோர் ஃபைல்ல பேரை எழுதிட்டேனே, அப்புறமும் ஏன் டிராக் பண்ணுதுன்னு கேப்பாங்க. கிட்இக்னோர் புதுசா வர்ற ஃபைலுக்குத்தான், ஏற்கனவே பேரேட்டுல ஏறினதை அது கண்டுக்காது. அதுக்கு:

கிட் ஆர்எம் --கேச்டு செட்டிங்ஸ்.இனி

கேச்டுக்கு முன்னாடி ரெண்டு ஹைஃபன். சீட்டுல இருந்து மட்டும் கழிச்சுடும், முத்தத்துல கிரேட் அப்படியே இருக்கும். அப்புறம் கிட்இக்னோர்ல பேரை எழுதி ரெண்டையும் ஒண்ணா கமிட் பண்ணிடுங்க.

ஆனா இதுல ஒண்ணு இருக்கு, இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முன்னாடி நான் வேலை பாத்த ஒரு எடத்துல செட்டிங்ஸ் ஃபைலை இப்படி --கேச்டு போட்டு எடுத்தேன், என் மெஷின்ல ஃபைல் பத்திரமா இருந்துச்சு, நிம்மதியா புஷ் பண்ணிட்டேன். சர்வர்ல போய் புல் பண்ணாங்க, அதாவது நான் புஷ் பண்ணதை அங்க இறக்கினாங்க, அங்க அந்த ஃபைல் காணாம போச்சு, ரீஸ்டார்ட் பண்ணதும் அப்ளிகேஷன் எழுந்திரிக்கவே இல்ல. காரணம் என்னன்னா --கேச்டுங்குறது உங்க முத்தத்துக்கு மட்டும்தான். கமிட்ல பதிவாகுறது "இந்த ஃபைல் நீக்கப்பட்டது"ங்குற ஒரே சேதிதான், அடுத்தவங்க புல் பண்ணும்போது கிட் அந்த சேதியைப் படிச்சு அவங்க ஃபோல்டர்ல இருந்து நெசமாவே நீக்கிடும். அதனால டீமா வேலை பாக்குறீங்கன்னா புஷ் பண்றதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, "அந்த ஃபைலை வேற எடத்துல காப்பி எடுத்து வச்சுட்டு புல் பண்ணுங்க"ன்னு. அன்னிக்கி ராத்திரி அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருந்தா நாலு பேரு வீட்டுக்கு நேரத்தோட போயிருப்பாங்க.

தப்பா அழிச்சிட்டா திரும்ப எடுக்குறதும் சொல்லிடுறேன், பயம் போனாத்தான் கை வரும். கிட் ஆர்எம் போட்டாச்சு, கமிட் இன்னும் பண்ணலன்னா:

கிட் ரீஸ்டோர் --ஸ்டேஜ்டு --ஒர்க்ட்ரீ பழசு.டெக்ஸ்ட்

சீட்டுலயும் முத்தத்துலயும் ரெண்டுலயும் கடைசி கமிட்ல இருந்த மாதிரியே வந்துடும். ரீஸ்டோர் 2019ல வந்த 2.23 வெர்ஷன்ல இருந்துதான் இருக்கு, லேப்ல பழைய கிட் இருந்தா கிட் செக்அவுட் ஹெட் -- பழசு.டெக்ஸ்ட் போடுங்க, ஹெட்டுன்னா நீங்க இப்ப நிக்குற கடைசி கமிட், அதுக்கு மட்டும் நாலு எழுத்தும் கேப்பிட்டல். கமிட்டும் பண்ணியாச்சு, எப்பவோ அழிச்சது, எந்தக் கமிட்லன்னே தெரியலன்னா கிட் லாக் --ஒன்லைன் -- பழசு.டெக்ஸ்ட் போட்டா அந்த ஃபைலை தொட்ட கமிட் எல்லாம் வரும், மேல இருக்குறதுதான் அழிச்ச கமிட். நடுவுல தனியா நிக்குற அந்த ரெண்டு ஹைஃபனை விட்டுடாதீங்க, ஃபைல் இப்ப ஃபோல்டர்ல இல்லாததால அது இல்லன்னா கிட்டுக்கு நீங்க சொல்றது ஃபைல் பேரா கிளை பேரான்னு புரியாது. அழிச்ச கமிட்டுக்கு முந்தின கமிட்ல இருந்து ஃபைலை எடுத்துக்கலாம்.

இப்ப தம்பி கதைக்கு வர்றேன். அவன் என்ன பண்ணியிருந்தான்னா போன வருஷ சீசன் கணக்கோட டேட்டாபேஸ் பேக்கப்பை, 140 எம்பி, அந்த புரோகிராம் ஃபோல்டர்லயே வச்சு, கிட் ஆட் புள்ளி போட்டு எல்லாத்தையும் சேத்து கமிட் பண்ணிட்டான். கிட்ஹப் 100 எம்பிக்கு மேல ஒத்த ஃபைலை வாங்காது, புஷ்ஷை திருப்பி அனுப்பிடுச்சு. உடனே கிட் ஆர்எம் பேக்கப்.எஸ்க்யூஎல், இன்னொரு கமிட், மறுபடி புஷ், மறுபடி அதே எரர்.

ஏன்னு இப்ப உங்களுக்கே புரியும். பேரேட்டுல முதல் வரி "140 எம்பி பேக்கப் வந்தது", ரெண்டாவது வரி "பேக்கப் கழிக்கப்பட்டது". புஷ்ங்குறது கடைசி நிலவரத்தை மட்டும் அனுப்புறது இல்ல, அங்க இல்லாத எல்லா கமிட்டையும், அதுக்குள்ள இருக்குற ஃபைல் எல்லாத்தையும் சேத்து அனுப்புறது. முதல் வரி இருக்குற வரைக்கும் அந்த 140 எம்பியும் கூடவே போகும். கிட் ஆர்எம் பழைய வரியை அழிக்காது, புதுசா ஒரு வரி எழுதும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல லினக்ஸ் கர்னலுக்காக, அதாவது லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதிக்காக, இதை எழுத ஆரம்பிச்சப்பவே, உள்ள போனது எதுவும் சத்தமில்லாம கெட்டுப்போகக் கூடாதுங்குறது அவரோட நோக்கங்கள்ல ஒண்ணு, அதனால இந்தப் பிடிவாதம் அதோட குணம்.

அதை விட பெரிய விஷயம் ஒண்ணு அவன் கவனிக்கவே இல்ல. "பேக்கப் வேற எங்கடா இருக்கு?"ன்னு கேட்டேன். முகம் அப்படியே வெளுத்துடுச்சு. --கேச்டு போடாம வெறும் கிட் ஆர்எம் போட்டதால ஃபோல்டர்ல இருந்தும் போயிடுச்சு, வேற காப்பியே கிடையாது. எத்தனையோ விவசாயிங்களுக்கு குடுக்க வேண்டிய பாக்கி, வாங்கின அட்வான்ஸ், எல்லாம் அதுக்குள்ள. "அப்பாவுக்கு தெரிஞ்சா அவ்ளோதான்கா"ன்னான், குரலே வரல.

நல்ல வேளை, கமிட் ஆகியிருந்துச்சு. புஷ்ஷை தடுத்த அதே கமிட்தான் இப்ப காப்பாத்துச்சு. அவன் கையாலயே அடிக்கச் சொன்னேன்:

கிட் ரீஸ்டோர் --சோர்ஸ்=ஹெட்~1 பேக்கப்.எஸ்க்யூஎல்

ஹெட்~1னா கடைசிக்கு முந்தின கமிட். ரெண்டு மூணு செகண்டு கர்சர் சும்மா நின்னுச்சு, அப்புறம் ஒரு சத்தமும் இல்லாம அடுத்த வரிக்கு வந்துடுச்சு. ஃபோல்டர்ல என்ன இருக்குன்னு காட்டுற எல்எஸ் போட்டு பாத்தா ஃபைல் இருக்கு. முதல் வேலையா அதை பென்டிரைவ்ல ஒண்ணு, எங்க அப்பா கம்ப்யூட்டர்ல ஒண்ணுன்னு காப்பி எடுத்தோம். இதே எடத்துல கிட் செக்அவுட்ல எடுத்திருந்தா சீட்டுலயும் மறுபடி ஏறியிருக்கும், ரீஸ்டோர்ல சோர்ஸ் மட்டும் குடுத்தா முத்தத்துல மட்டும் இறக்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

அப்புறம் கிட்இக்னோர்ல *.எஸ்க்யூஎல்னு எழுதி அந்த கிட்இக்னோரை ஆட் பண்ணினோம். ரெண்டு கமிட்டும் இன்னும் கிட்ஹப்புக்கு போகாததால விஷயம் சுலபம்:

கிட் ரீசெட் --சாஃப்ட் ஆரிஜின்/மெயின்

ஆரிஜின்/மெயின்னா கிட்ஹப்ல இருக்குற மெயின் கிளையோட நிலவரம். பேரேட்டுல கடைசி ரெண்டு வரியை எழுதறதுக்கு முன்னாடி இருந்த எடத்துக்கு பின்னாடி போறோம், ஆனா சீட்டும் முத்தமும் இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கும். சீட்டுல பேக்கப் இல்ல, அவன் பில் பிரிண்ட்ல சரிபண்ண கோடும் அந்த கிட்இக்னோரும் மட்டும் இருக்கு. ஒரே கமிட்டா போட்டு புஷ் பண்ணான், போயிடுச்சு. சாஃப்டுக்கு பதிலா ஹார்டுன்னு அடிச்சா அவன் அந்த ரெண்டு கமிட்ல எழுதின கோடும் ஃபோல்டர்ல இருந்து போயிடும், அந்த ஒரு வார்த்தையை ரெண்டு தடவை பாத்துட்டு என்டர் தட்டுங்க. இந்த வழி புஷ் ஆகாத கமிட்டுக்கு மட்டும்தான், அடுத்தவங்க கைக்கு போனதை இப்படி பண்ணாதீங்க.

புஷ் ஆகிப்போனதை பேரேட்டுல இருந்தே எடுக்கணும்னா கஷ்டம். சித்தப்பா பேரேட்டுல போன பக்கத்து கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்து மேல எழுதிட்டுத்தான் ஆரம்பிப்பாரு, நடுவுல ஒரு பக்கத்தை மாத்தினா பின்னாடி வர்ற எல்லா பக்கமும் மாறும். கமிட்டும் அதே மாதிரி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் முந்தின கமிட்டோட அடையாள எண் இருக்கு, பழசுல ஒண்ணை மாத்தினா அதுக்கப்புறம் வந்த எல்லாத்துக்கும் புது எண் வந்துடும். அதுக்கு கிட் ஃபில்டர்-ரெப்போன்னு தனியா ஒரு டூல் இருக்கு, பைத்தான்ல எழுதினது, தனியா இன்ஸ்டால் பண்ணனும். நெட்ல பழைய கட்டுரைங்கள்ல ஃபில்டர்-பிரான்ச்னு சொல்லியிருப்பாங்க, அதை யூஸ் பண்ண வேண்டாம்னு கிட் மேனுவலே சொல்லுது. புதுசா ஒரு குளோன், அதாவது ரெப்போவோட முழு காப்பி, எடுத்து அதுல:

கிட் ஃபில்டர்-ரெப்போ --இன்வர்ட்-பாத்ஸ் --பாத் ஃபைல்_பேரு

அந்த ஃபைல் மட்டும் இல்லாம மொத்த வரலாறையும் திருப்பி எழுதிடும். ஆரிஜினையும், அதாவது கிட்ஹப் ரெப்போவோட முகவரியையும், அது எடுத்துடும், வேணும்னுதான் எடுக்குது, அவசரத்துல புஷ் பண்ணிடக் கூடாதுன்னு. திரும்ப சேத்து ஃபோர்ஸ் புஷ், அதாவது அங்க இருக்குற பழசு மேலயே கட்டாயமா எழுதுற புஷ், பண்ணனும், டீம்ல எல்லாரும் பழைய குளோனை தூக்கிப்போட்டு புதுசா குளோன் எடுக்கணும், ஒருத்தரு பழசுல இருந்து மறுபடி புஷ் பண்ணிட்டா அந்த ஃபைல் திரும்ப வந்து உக்காந்துடும்.

பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வேற சர்வீஸை நம்ம புரோகிராம் கூப்பிட குடுக்குற ரகசிய சாவி) மாதிரி விஷயம் புஷ் ஆகியிருந்தா இது எதுவுமே முதல் வேலை இல்ல. முதல் வேலை அந்த பாஸ்வேர்டை மாத்துறது. ரெப்போ பப்ளிக்கா இருந்தா அதை யாரு ஏற்கனவே குளோன் எடுத்தாங்க, ஃபோர்க்குன்னு அவங்க கணக்குலயே காப்பி எடுத்தாங்கன்னு நம்மளால பிடிக்க முடியாது, ஃபில்டர்-ரெப்போ நம்ம பேரேட்டை மட்டும்தான் திருத்தும், ஊர்ல இருக்குற காப்பியை திருத்தாது. மாத்தின பாஸ்வேர்டு வரலாறுல கிடந்தா அது வெறும் எழுத்து, யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

இதை சொல்லிட்டு இருக்கும்போதே தம்பி லேப்டாப்பை இழுத்து எதையோ தேடினான். எஸ்எம்எஸ் அனுப்புற கீயை ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு ஃபைல்ல எழுதி புஷ் பண்ணியிருக்கான், ரெப்போ பப்ளிக். அப்பவே அந்த சர்வீஸ் பக்கத்துல லாகின் பண்ணி பழைய கீயை ரத்து பண்ணி புதுசு வாங்கினோம், புது கீயை கிட்இக்னோர்ல இருக்குற ஃபைல்ல வச்சோம், கிட் ஸ்டேட்டஸ் போட்டு அந்த ஃபைல் பேரு எங்கயும் வரலங்குறதை அவனே ரெண்டு தடவை பாத்துக்கிட்டான். அம்மா மூணாவது தடவை சாப்பிடக் கூப்பிட்டப்பதான் எழுந்தோம், தட்டுல போட்டு வச்ச களி ஆறி கெட்டியாகியிருந்துச்சு.